முப்பது கிலோமீட்டர் கடலும் கொழும்பு–சென்னை விமானமும்: திருப்பி அனுப்பும் செலவு யாருடையது?

பாம்பன்வாசி (இழையைத் தொடங்கியவர்)

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான் உள்ளது. ஆனால் இந்தக் கடலில் எல்லை தாண்டியதாகக் கைதாகி, பின்னர் இலங்கை நீதிமன்றத்தால் விடுவிக்கப்படும் நம் மீனவர் வீடு வந்து சேரும் வழி அதுவல்ல. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ சிறைவாசம் முடிந்ததும் அவர் கொழும்புக்கு அருகில் உள்ள மிரிஹான தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். இந்தியத் தூதரகம் அவருக்குக் கடவுச்சீட்டுக்குப் பதிலாக அவசரச் சான்றிதழ் வழங்கும்வரை அங்கே காத்திருக்கிறார். அதன்பின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம். சென்னையில் குடிவரவு, சுங்கம், விசாரணை. வெளியே மீன்வளத்துறை ஏற்பாடு செய்த வேன். பிறகு 500 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம்.

அண்மையில் எங்கள் தெருவில் இப்படி வந்து இறங்கிய இளைஞர், கடலுக்குப் போனபோது உடுத்தியிருந்த கைலியின் மேல் யாரோ கொடுத்த முழுக்கைச் சட்டையை அணிந்திருந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் நான்காக மடித்த அவசரச் சான்றிதழும், விமானத்தில் கொடுத்ததைத் தின்னாமல் தங்கைக்காக எடுத்து வைத்த ஒரு பன்னும் இருந்தன. பிறந்ததிலிருந்து அவர் ஏறிய முதல் விமானம் அதுதான்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இந்தச் சுற்றுவழிக்கு ஆகும் செலவை எந்த அரசு, எந்தத் துறை ஏற்கிறது என்பது ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்வரை சர்வதேச எல்லைக் கோட்டிலேயே இலங்கைக் கடற்படை நம் கடலோரக் காவல்படையிடம் மீனவர்களை ஒப்படைத்து வந்ததே, அந்த வழக்கத்தை ஏன் மீண்டும் கொண்டுவரக் கூடாது என்பது மற்றொன்று. நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் மீனவர், இலங்கை அகதி முகாம்வாசிகள், வளைகுடாவிலிருந்து திரும்பியோர் என்று மூன்று வகையினருக்கும் இந்த அனுபவம் உண்டு என்பதால், தெரிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வட்டாட்சியர்

தம்பி கேட்டது நல்ல கேள்வி. ஆனால் விமானப் பயணச்சீட்டிலேயே எல்லோருடைய கண்ணும் நிற்கிறது. திருப்பி அனுப்பும் செலவில் பயணச்சீட்டு என்பது கல்யாணச் செலவில் தாலிக்கயிறு வாங்கிய கணக்குப் போன்றது. பெருஞ்செலவு காத்திருப்பில் இருக்கிறது. ஒருவரைப் பிடித்த நாளிலிருந்து அவர் விமானத்திலோ கப்பலிலோ ஏறும் நாள்வரை அவருக்குச் சோறு, மருத்துவம், காவல், நீதிமன்றத்துக்குக் கூட்டிச்செல்லும் வண்டி, உடன்செல்லும் காவலரின் பயணப்படி ஆகிய அனைத்தும் வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு கணக்குத் தலைப்புகளில் எழுதப்படுகின்றன. எனவேதான் 'ஒருவருக்கு மொத்தம் எவ்வளவு ஆனது' என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் ஒற்றை விடை கிடைப்பதில்லை.

எதிர்த்திசையை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது 2022 மார்ச் 22 அன்று முதல் குடும்பங்கள் தனுஷ்கோடிப் பகுதிக்கு வந்து சேர்ந்தன. அதன் பின்னர் வந்தவர்களில் பலரைப் படகோட்டிகள் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டு இருட்டோடு திரும்பிவிட, கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட்டில் சென்று கைக்குழந்தைகளோடு அவர்களை மீட்டுவர வேண்டியிருந்தது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் விசாரணை முடிந்ததும் மண்டபம் முகாமில் தங்கவைத்தார்கள். சட்டத்தின் ஏட்டில் அவர்கள் கடவுச்சீட்டு இன்றி நுழைந்தவர்கள், அதாவது திருப்பி அனுப்பத்தக்கவர்கள். ஆயினும் அடுப்பெரிய வழியில்லாத ஊருக்கு அவர்களை விரட்ட எந்த அரசும் முனையவில்லை. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த முடிவுக்கும் ஒரு செலவு உண்டு, அது முதலில் மாநிலத்தின் தலையில்தான் விழுகிறது.

இலங்கை அகதிகளுக்கான செலவை மாநில அரசு முதலில் செய்து, பின்னர் ஒன்றிய அரசிடம் திரும்பப் பெறுவதே நடைமுறை. உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளின்படி 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை பல கட்டங்களில் 3,04,269 பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். 1995 மார்ச் வரை 99,469 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்குப் பிறகு அரசு ஒழுங்குசெய்த திருப்பி அனுப்புதல் எதுவும் நடக்கவில்லை. மண்டபத்தில் பணியாற்றிய எவருக்கும் இந்த எண்கள் மனப்பாடம்.

தங்கச்சிமடம் விசைப்படகு

ஐயா சொல்லும் காத்திருப்புக் கணக்கில் எங்கள் வீட்டுப் பெண்களின் காத்திருப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறையில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தமிழக அரசு தினசரி உதவித்தொகை தருகிறது என்பது உண்மைதான். ஆனால் வட்டிக்காரர் தினசரிக் கணக்கைக் கேட்டு வாசலில் நிற்கும்போது அந்தத் தொகை எம்மாத்திரம்?

கடல்வழி ஒப்படைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்னாட்களில் மீனவர்களைப் படகோடு சேர்த்தே விட்டுவிடுவார்கள். தன் படகில் தானே ஓட்டிக்கொண்டு எல்லைவரை வருவார். அங்கிருந்து நம் கடலோரக் காவல்படை பின்தொடர, கரை வந்து சேர்வார். அப்போது திருப்பி அனுப்பும் வாகனமே அவருடைய படகுதான். டீசலுக்கு மேல் ஒரு ரூபாய் ஆகாது. பிற்பாடு ஆளை விட்டுப் படகைப் பிடித்துவைக்கத் தொடங்கினார்கள். 2017-ல் இழுவை மடி முறையைத் தடைசெய்து சட்டம் திருத்தினார்கள். 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் படகின் நீளத்துக்கு ஏற்றபடி 50 லட்சம் இலங்கை ரூபாயிலிருந்து 17.5 கோடி வரை உயர்த்தினார்கள். இன்று மயிலிட்டியிலும் காரைநகரிலும் எங்கள் படகுகள் பலகை பிரிந்து கிடக்கின்றன. படகு இல்லாதவனை எப்படிக் கடல்வழி அனுப்புவது? விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். ஆகவே இது பயண ஏற்பாடு பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது படகுப் பறிமுதல்தான். அரசு ஒரு மீனவருக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுப்பதைப் பெரிய உபகாரமாகச் செய்தியில் காட்டுகிறார்கள். பல லட்ச ரூபாய்ப் படகு அக்கரையில் மக்கிக்கொண்டிருப்பதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று வட்டாட்சியர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

தொண்டி மாணவி

நான் பொது நிர்வாகம் படிப்பவள். பிற நாடுகளின் கணக்குகளையும் இங்கே வைத்தால் ஒப்பிட உதவும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கா 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்களைச் சி-17 இராணுவ விமானத்தில் அமிர்தசரஸ் கொண்டுவந்து இறக்கியது. கை கால்களில் விலங்கிட்டு அழைத்துவந்த காட்சியைத்தான் எல்லோரும் பேசினார்கள். அந்த விமானத்தின் செலவைப் பேசியவர்கள் குறைவு. சி-17 பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ 28,500 டாலர் ஆகும் என்பது பரவலாகச் சொல்லப்பட்ட மதிப்பீடு. இந்தியாவுக்கு வந்த மூன்று இராணுவ விமானங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 30 லட்சம் டாலர் ஆனதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. 104 பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு 28,000 டாலருக்கும் மேல் வருகிறது. அதற்கு முந்தைய மாதம் 64 பேரைக் குவாத்தமாலாவுக்குக் கொண்டுசென்ற இராணுவ விமானத்தில் ஒருவருக்குக் குறைந்தது 4,675 டாலர் ஆனதாக ராய்ட்டர்ஸ் கணக்கிட்டது. அதே தடத்தில் பயணிகள் விமானத்தின் முதல் வகுப்புச் சீட்டு 853 டாலர்தான். குடிவரவுத் துறையே வாடகை விமானங்களை வைத்திருக்கும்போது இராணுவ விமானம் எதற்கு? படம் எடுத்துக் காட்டுவதற்காகச் செய்த செலவு என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. மார்ச் மாதத்தில் அந்த இராணுவப் பறப்புகளை அவர்களே நிறுத்திக்கொண்டார்கள்.

அதே அரசு 2025 மே மாதத்தில், தாமாகவே வெளியேறுவோருக்குப் பயணச்சீட்டோடு 1,000 டாலரும் தருவதாக அறிவித்தது. ஒருவரைக் கைதுசெய்து, அடைத்துவைத்து, வெளியேற்றச் சராசரியாக 17,121 டாலர் ஆகிறது என்று அப்போது அவர்களே சொன்னார்கள். வட்டாட்சியர் ஐயா கூறிய காத்திருப்புச் செலவு அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

பிரிட்டனின் ருவாண்டாத் திட்டம் இன்னும் வேடிக்கையானது. 2022 ஜூன் 14 அன்று கிளம்பவிருந்த முதல் விமானம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தலையீட்டால் ஓடுபாதையிலேயே நின்றது. 2024 ஜூலையில் புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டபோது 70 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. ருவாண்டா சென்றவர்கள் நான்கு பேர், அவர்களும் தாமாக விரும்பிச் சென்றவர்கள்.

தங்கச்சிமடம் விசைப்படகு

தங்கைக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவும் பிரிட்டனும் பணம் படைத்தவர்கள், காட்டுவதற்குச் செலவழிக்கிறார்கள். நம் பிரச்சினை பாக் நீரிணையில் இருக்கிறது. இழை திசை மாறக் கூடாது.

தொண்டி மாணவி

திசை மாறவில்லை, அண்ணா. 2021 அக்டோபரில் தென்னிந்தியக் கரையிலிருந்து கனடா நோக்கிக் கிளம்பிய படகு பழுதாகி, அதிலிருந்த 89 இலங்கைத் தமிழர்களும் தியேகோ கார்சியாத் தீவில் பிரிட்டனின் பொறுப்பில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் நம் முகாம்களில் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். திருப்பி அனுப்பினால் துன்புறுத்தலுக்கு ஆளாவோம் என்று அவர்கள் சொன்னதால் இலங்கைக்கு அனுப்ப முடியாது; வேறு நாடும் ஏற்கவில்லை; தீவிலோ குடிமக்களே இல்லை, இராணுவத் தளம் மட்டுமே. மூன்று ஆண்டுகள் கூடாரத்தில் வைத்திருந்து, 2024 டிசம்பரில் பெரும்பாலானோரைப் பிரிட்டனுக்கே விமானத்தில் கொண்டுசென்றார்கள். அந்தத் தீவுப் பகுதிக்கான நீதிமன்றமும் அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்றே தீர்ப்பளித்தது. இது நம் கரையில் தொடங்கிய பயணம்தானே?

கீழக்கரைக்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால், நாடுகடத்தப்படுபவர் பக்கத்துக் கணக்கை நான் எழுதுகிறேன்.

அங்கே அடிப்படை விதி, ஆளை வரவழைத்த கஃபீல், அதாவது ஸ்பான்சர்தான் திருப்பி அனுப்பும் சீட்டையும் எடுக்க வேண்டும் என்பது. குவைத்தில் நாடுகடத்தல் சீட்டின் தொகையை ஸ்பான்சரிடம் வசூலிப்பார்கள். சவூதியில் தர்ஹீல் எனும் நாடுகடத்தல் முகாம் வழியாகச் செல்பவருக்கு அரசே சீட்டு எடுப்பதுண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கஃபீல் சீட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் 'வேலையை விட்டு ஓடிவிட்டான்' என்று ஹுரூப் பதிந்துவிடுவார். அதன்பின் தொழிலாளியின் இகாமா (வசிப்பு அனுமதி) செல்லாது, சம்பளப் பாக்கியைக் கேட்க வாயில்லை, பிடிபட்டால் தர்ஹீல்.

என் மச்சானுக்கு இதுதான் நடந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கடவுச்சீட்டு முதலாளியிடம் இருந்ததால் தூதரகத்தில் அவுட்பாஸ் எனும் தற்காலிகப் பயண ஆவணம் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் இந்தியர்தான் என்று ஊரில் காவல் நிலையம் வழியாகச் சரிபார்க்க வேண்டும். அந்தக் காகிதம் கீழக்கரைக்கு வந்து, திரும்பிப் போய், கைரேகை வைத்து, எல்லாம் முடிவதற்குள் நோன்புப் பெருநாள் கடந்துவிட்டது. கடைசியில் இடம் கிடைத்த விமானம் டெல்லிக்குப் போவது. டிசம்பர் மாதக் குளிரில் டெல்லி விமான நிலைய வாசலில் அரைக்கைச் சட்டையோடும் ரப்பர் செருப்போடும் இறக்கிவிடப்பட்டார். நாடுகடத்தும் அரசின் பொறுப்பு நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. டெல்லியிலிருந்து இராமநாதபுரம் வரையான செலவு நாங்கள் அனுப்பியது. மீனவர்களுக்குச் சென்னையில் வேன் நிற்கிறதென்றால், அது அரசியல் அழுத்தத்தால் கிடைத்த வசதி. தர்ஹீல்காரனுக்கு எந்த வேனும் நிற்பதில்லை.

இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. தூதரகச் சேவைகளுக்கு நாம் கட்டும் தொகையோடு சேர்த்து வாங்கும் சிறு கட்டணத்தால் திரள்வது அது. வழியற்றவர்களுக்கு அதிலிருந்து விமானச் சீட்டு, தற்காலிகத் தங்குமிடம், இறந்தவரின் உடலைக் கொண்டுவரும் செலவு ஆகியவற்றைத் தரலாம். கேட்டால்தான் தருவார்கள், வறுமையைக் காட்ட வேண்டும். ஊரில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2020 ஏப்ரலில் குவைத் அரசு பொதுமன்னிப்பு அறிவித்து, தங்குமிடமும் விமானச் செலவும் தானே தருவதாகச் சொன்னது. அப்போது ஊரடங்கில் இந்தியாதான் விமானங்களை இறங்க விடவில்லை. அனுப்புபவர் பணம் கட்டத் தயாராக இருந்தும் வாங்குபவர் கதவைத் திறக்காததால் ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் கிடந்தார்கள்.

வழக்குரைஞர், பரமக்குடி

கீழக்கரை நண்பர் கடைசியாகச் சொன்ன செய்திதான் இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். திருப்பி அனுப்புதல் என்பது இரண்டு அரசுகள் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய செயல். பெறும் நாடு 'இவர் எம் குடிமகன்தான்' என்று ஒப்புக்கொண்டு பயண ஆவணம் தராவிட்டால், அனுப்பும் நாட்டிடம் எத்தனை விமானம் இருந்தாலும் பயனில்லை.

2025 பிப்ரவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் அசாம் அரசைக் கடிந்துகொண்ட வழக்கு இதற்குச் சரியான சான்று. வெளிநாட்டினர் என்று அறிவிக்கப்பட்ட 63 பேர் மாட்டியா இடைத்தங்கல் முகாமில் இருந்தார்கள். அவர்களுடைய வெளிநாட்டு முகவரி தெரியாததால் அனுப்ப முடியவில்லை என்று அரசு சொன்னது. நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். முகவரி தெரியாமலே ஒருவரை வெளிநாட்டினர் என்று எப்படி முடிவுசெய்தார்கள் என்ற கேள்வி என்னைப் போன்றவர்களுக்கு எஞ்சி நிற்கிறது.

விமானச் செலவுக்கு வருவோம். 1944 ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 9 ஆம் பிற்சேர்க்கை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. நுழைவு வாசலிலேயே அனுமதி மறுக்கப்படும் பயணியைத் திருப்பிக் கொண்டுபோவது அவரைக் கொண்டுவந்த விமான நிறுவனத்தின் பொறுப்பு. சரியான ஆவணம் பார்க்காமல் ஏற்றிய குற்றம் அதனுடையது என்பது கருத்து. இந்தியாவில் 2000 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. ஆனால் ஏற்கெனவே நாட்டுக்குள் நுழைந்து, பின்னர் வெளியேற்ற ஆணை பெற்றவரை அனுப்பும் செலவு ஆணையிட்ட அரசுடையது. காவலர் துணை தேவையானால் அந்தச் செலவும் அதனுடையதே. உடன் பயணிக்கும் பயணிகளுக்கு ஆபத்து என்று கருதினால் விமானி ஏற்ற மறுக்கவும் முடியும்.

படகில் வருபவருக்கு இந்த விதிகள் எதுவும் பொருந்தாது. மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போன படகோட்டியிடம் திரும்பும் சீட்டுக்குப் பணம் கேட்க இயலுமா? அங்கே முழுச் சுமையும் அரசின்மேல் விழுகிறது. 1946 ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாகக் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். 2022-ல் வந்தவர்கள் அந்தத் தேதிக்குப் பிந்தியவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பாம்பன்வாசியின் இரண்டாம் கேள்விக்கு என் கருத்து: கடல் ஒப்படைப்பு மீனவருக்கு வசதிதான். ஆனால் இலங்கை நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை வழங்கி விடுவிக்கும்போது அவர் அங்கே விசா இல்லாத வெளிநாட்டினர் ஆகிவிடுகிறார். குடிவரவுத் துறையின் கைக்குப் போகிறார். அந்தத் துறைக்குப் பழக்கமான வாசல் கட்டுநாயக்கதான். கடற்படையின் கையிலிருந்து நேரடியாக விடுவித்தால் மட்டுமே கடல்வழி எளிது. அதற்கு வழக்கே பதியாமல் விட வேண்டும், அந்தக் காலம் மலையேறிவிட்டது.

மண்டபம் 84

முகாமில் பிறந்து வளர்ந்தவன் நான். இங்கே எழுதுபவர்கள் எல்லோரும் ஆள் பயணிக்கும் செலவைப் பேசுகிறீர்கள். வீடு பயணிக்கும் செலவை யாரும் பேசவில்லை.

விரும்பித் திரும்புவோருக்கு ஐக்கிய நாடுகள் அகதிகள் முகமை விமானச் சீட்டு எடுத்துத் தந்து வந்தது. சீட்டு இலவசம், மூட்டைக்கு அளவு உண்டு. முப்பது ஆண்டுகள் ஒரு பத்தடிக்குப் பத்தடி அறையில் வாழ்ந்தவரிடம் என்ன இருக்கும் என்று கேட்காதீர்கள். என் சித்தி கிளம்பியபோது தையல் இயந்திரத்தின் தலைப்பகுதியை மட்டும் கழற்றிப் போர்வையில் சுற்றினார். காலும் மேசையும் பக்கத்து வீட்டுக்கு. கிரைண்டர், சைக்கிள், கட்டில் எல்லாம் ஒரே மாலையில் கிடைத்த விலைக்குப் போயின. மன்னாரில் இறங்கியதும் அதே பொருள்களை அந்நாட்டு விலையில் வாங்க வேண்டும். 2011-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பல் ஓடிய சில மாதங்களில், முகமையின் ஏற்பாட்டில் அதில் திரும்பிய குடும்பங்கள் விமானத்தில் நினைத்தே பார்க்க முடியாத அளவு பொருள்களை ஏற்றிக்கொண்டார்கள். நவம்பரில் கப்பல் நின்றது, அந்த வழியும் அடைந்தது. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது. திரும்ப விரும்பும் குடும்பங்களுக்கு அதில் சரக்கு இடம் ஒதுக்கினால் அரசுக்கு என்ன நட்டம்?

பணமாக எழுதப்படாத வேறொரு செலவும் இருக்கிறது. முகாமில் பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்று எடுத்து, அதைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து, குடியுரிமைக் காகிதம் வாங்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் மறுபடியும் சென்னை. வெளியேறும் அனுமதிக்கு ஒரு விண்ணப்பம், வழக்கு ஏதும் இல்லை என்று ஒரு சான்று. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது, பேருந்துக் கட்டணம் போகிறது. 2021 ஆகஸ்ட் அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயும், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாயும், பிள்ளைகளுக்கு 500 ரூபாயும் உதவித்தொகை. இதில் எத்தனை முறை சென்னை போவது?

இத்தனையும் செய்து போனவருக்கு என்ன நடந்தது? 2025 மே மாதத்தில் முகமையின் உதவியோடு திரும்பிய முதியவர் ஒருவரை, முன்பு கள்ளத்தனமாக நாட்டைவிட்டுச் சென்றார் என்று கூறிப் பலாலி விமான நிலையத்திலேயே கைதுசெய்தார்கள். போருக்குத் தப்பி ஓடியவர் எந்தக் குடிவரவு அதிகாரியிடம் முத்திரை வாங்கியிருப்பார்? அந்தச் செய்தி வந்த பிறகு முகாமில் திரும்பிப் போகும் பேச்சே குறைந்துவிட்டது.

ஓய்வுபெற்ற வட்டாட்சியர்

மண்டபம் தம்பியின் கடிதத்துக்கு மறுமொழி எழுத எனக்குத் தகுதி குறைவு. ஆயினும் மூட்டையைப் பற்றி அவர் சொன்னதும் பழைய ஏற்பாடு ஒன்று நினைவுக்கு வருகிறது.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்படி, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா 15 ஆண்டுகளில் ஏற்க வேண்டும்; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரையும் கேட்டுப் பிரிக்கவில்லை. கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள் டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியையும் அதன் கப்பல் துறையையும் கொண்டுபோனது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அந்த மக்களை ஏற்றிவந்த இரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். இரயில், கப்பல், மண்டபத்தில் இறக்கம், அங்கிருந்து நீலகிரிக்கோ திருச்சிக்கோ மறுபடியும் இரயில் என்று அந்தப் பயணம் இரு அரசுகளாலும் முன்கூட்டியே திட்டமிடப்பட்டிருந்தது. மண்டபத்துக்கு இது புதிதும் அன்று. அதற்கும் முன்னர் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த காலத்தில் இலங்கை அரசே நடத்திய நோய்த்தடுப்பு முகாம்தான் அது. போவதற்கும் வருவதற்கும் அதே கொட்டகைகள்.

பயணத்தோடு செலவு முடியவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வந்தவர்களுக்கு வேலை தர 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீ தொடங்கப்பட்டது. 1969-ல் அவர்களுக்கென்று ரெப்கோ வங்கி வந்தது. இன்று ஆளை அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும் பல வேளைகளில் இறங்கிய மறுநாளைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. ஏட்டில் இருந்ததெல்லாம் கைக்கு வந்துவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கொடைக்கானல் மலையில் கொத்தடிமையாகப் போனவர்கள் உண்டு. இருந்தாலும் செலவின் ஒரு பகுதியாக மறுவாழ்வை எழுதிய அந்தக் கணக்கு முறை சரியானது.

நெறியாளர்

கடற்படைகள் குறித்த கடுஞ்சொற்கள் கொண்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. செலவு, பயண ஏற்பாடு ஆகியவை குறித்து மட்டும் எழுதவும்.

பாம்பன்வாசி

அனைவருக்கும் நன்றி. கடல்வழி ஒப்படைப்பு ஏன் நின்றது என்பது விசைப்படகு அண்ணன், வழக்குரைஞர் இருவர் பதிவுகளையும் சேர்த்துப் படித்தபோது விளங்கியது. செலவுக் கணக்கைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். வரைவில் உள்ள கேள்விகள்: கடந்த 5 ஆண்டுகளில் இலங்கையிலிருந்து விமானத்தில் திரும்பிய இராமநாதபுரம் மாவட்ட மீனவர் எத்தனை பேர், விமானச் சீட்டுக்கு ஆன தொகை எவ்வளவு, அது எந்த நிதியிலிருந்து வழங்கப்பட்டது, சென்னையிலிருந்து ஊர் கொண்டுவர வாகனத்துக்கு ஆன தொகை எவ்வளவு. ஏதேனும் விடுபட்டிருந்தால் சொல்லுங்கள்.

வழக்குரைஞர், பரமக்குடி

இதை ஒரே விண்ணப்பமாக அனுப்பாதீர்கள். வாகனச் செலவுக் கேள்வியை மாநில மீன்வளத்துறைக்கும், விமானச் சீட்டுக் கேள்வியை இணையவழியே வெளியுறவு அமைச்சகத்துக்கும் தனித்தனியே அனுப்புங்கள். இரண்டுக்கும் கட்டணம் 10 ரூபாய்தான். வெளியுறவு அமைச்சகத்துக்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு தொகுதி மீனவருக்கும் நீதிமன்ற விடுதலை ஆணையின் தேதி எது, அவசரச் சான்றிதழ் வழங்கிய தேதி எது. பெயர்களைக் கேட்க வேண்டாம், கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். அந்த இரண்டு தேதிகளும் கையில் இருந்தால், மிரிஹானவில் கழியும் நாள்களைக் குறைக்கச் சொல்லி நீதிமன்றத்தை அணுக வழி உண்டு.

கீழக்கரைக்காரன்

வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதும்போது ரியாத், ஜித்தா, குவைத் தூதரகங்களில் சமூக நல நிதியிலிருந்து எத்தனை பேருக்கு விமானச் சீட்டு கொடுத்தார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள், தம்பி. தனி விண்ணப்பமாகக் கேட்பதென்றால் அந்தப் பத்து ரூபாய் என் கணக்கு.